மிஸ் ஓலீட்டாவின் பதில்

மைக்கின் பொத்தானிலிருந்து கட்டைவிரலை எடுத்ததும் ரேடியோவில் ஓர் இரைச்சல் எழும். தகரக் கூரைமேல் யாரோ காய்ந்த மணலை மெல்லச் சரிக்கிற மாதிரி இருக்கும். ஆண்டுக்கணக்கில் கேட்டுக் கேட்டு டார்மன் ஃபுல்ச்சருக்கு அது காதில் விழுவதே இல்லை. அன்று நண்பகலில்தான் அதைக் கவனித்தார். ஏனென்றால் அது வரவில்லை.

“மிஸ் ஓலீட்டா, மிஸ் ஓலீட்டா. இது ஸாண்ட் ஃபிட்லர். கேக்குதா?”

காணாமல் போன படகு அது; பதில் வராது என்று தெரிந்தே கூப்பிடுவதுதான். கீழே பின் தளத்தில், அவருடைய ஸாண்ட் ஃபிட்லர் படகை வாடகைக்கு எடுத்திருந்த ஒஹையோக்காரர்கள் நான்கு பேர் தாங்கள் பிடித்த சூரை மீன்களைத் தூக்க முடியாமல் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். துணையாள் ஷெல்டன் ரத்தத்தைக் குழாய்த் தண்ணீரால் கழுவித் தள்ளிக்கொண்டிருந்தான். டீசல் வாசமும் மீன் வாசமும் வெயிலில் கலந்து, டார்மன் தனியாக உட்கார்ந்திருந்த மேல் தளத்துக்கு ஏறி வந்தன. எல்லாம் வழக்கம்போல. ரேடியோ மட்டும், இருட்டறைக்குள் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல, ஒரு துளி இரைச்சலும் இல்லாமல் இருந்தது.

பிறகு இரண்டு தட்டல்.

டக். டக்.

ஹாட்டரஸ் துறையின் படகுக்காரர்களுக்குள் அது ஒரு வழக்கம். கை வேலையாக இருக்கும்போது பேச முடியாதவன் மைக்கின் பொத்தானை இரண்டு தடவை அழுத்துவான். ‘கேட்டேன், இருக்கிறேன்’ என்று அர்த்தம். சாயங்காலம் கரைக்குத் திரும்புகிற ஒவ்வொரு கேப்டனும் ரேடியோவில் தண்ணீரின் சூடு ஃபாரன்ஹீட்டில், நிறம், காற்று, அன்று விழுந்த மீன் எல்லாம் சொல்லிவிட்டு, ‘வீட்டுக்குத் திரும்புறேன்’ என்று முடிப்பார். யாராவது ஒருவர் இரண்டு தட்டல் தட்டுவார். தட்டல் கேட்காமல் எவரும் படகைத் திருப்புவதில்லை.

எல்வுட் பர்ரஸ் கடைசியாகச் சொன்ன தகவலுக்குத் தட்டியது டார்மன்தான். செப்டம்பர் முடியப்போகிற ஒரு தெளிந்த நாள். மறுநாள் வரும் விருந்தாளிகளுக்காக மீன் எங்கே நிற்கிறது என்று பார்க்க, எல்வுட் துணையாள் இல்லாமல் தனியே போயிருந்தார். அப்படிப் போவது தப்பென்று எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் போகிறவர்கள்தான். ‘தண்ணி எழுபத்தெட்டு. நல்ல நீலம். காத்து இல்ல. வீட்டுக்குத் திரும்புறேன்’ என்றார். டார்மன் இரண்டு தட்டுத் தட்டினார். எல்வுட் வீட்டுக்கு வரவில்லை. கடலோரக் காவல் விமானங்கள் சலித்துப் போகும்வரை தேடின. ஒரு பலகைத் துண்டுகூட அகப்படவில்லை.

படகுக்கு எல்வுட் தன் மனைவியின் பெயரை வைத்திருந்தார். அந்த மனைவி ஓலீட்டா, குளிர்பெட்டியின் மேலிருந்த ரேடியோவைத் திறந்துவைத்தபடி சமையலறையிலேயே உட்கார்ந்துவிட்டாள். “நீ போற அன்னைக்கெல்லாம் மத்தியானம் ஒரு தடவ அவரக் கூப்பிடு, டார்மன். வேற ஒண்ணும் வேணாம்” என்று கேட்டாள். ஒரு நிமிட வேலை. அதற்காக ஒரு மனுஷி நாள் முழுவதும் காத்திருக்கிறாள் என்றால் அதைச் செய்யாமல் இருப்பதற்கு மனம் கல்லாக வேண்டும். மற்ற கேப்டன்கள் அந்த நேரத்தில் ரேடியோவில் பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். யாரும் சொல்லிச் செய்ததல்ல.

டார்மன் மறுபடி மைக்கை எடுத்தார்.  “எல்வுட்?”

மணல் சரியும் இரைச்சல் திரும்பி வந்தது. வேறொன்றும் இல்லை.

சாயங்காலம், ஷெல்டன் அறுத்துக் கொடுத்த சூரைத் துண்டத்தை ஐஸில் வைத்து ஓலீட்டா வீட்டுக்கு எடுத்துப் போனார். அவள் துண்டத்தை வாங்கிக் கழுவினாள், உப்புத் தடவினாள், கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகுதான் பேசினாள்.

“கேட்டியா?”

“யாராவது பொடியன் வெளையாடியிருப்பான், அக்கா.”

“மொதத் தட்டு நீளம். ரெண்டாவது அவசரம். நாப்பது வருஷமா இந்தக் கதவ அவரு அப்படித்தான் தட்டுனாரு. எனக்குத் தெரியாதா?”

டார்மன் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் எல்வுட்டுக்காகப் பிரார்த்தனை வைப்பதாகப் போதகர் சொல்லியிருந்தார். உடல் இல்லாத அடக்கம். கடைசியாக ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, பதில் இல்லையென்றால் வந்து முன் பெஞ்சில் உட்காருகிறேன் என்று ஓலீட்டா ஒத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கடைசித் தடவைதான் இன்றைக்குக் கூப்பிட்டது.

“உசுரோட இருக்காருன்னு நான் சொல்லல” என்றாள். “எனக்குப் புத்தி கெடல. ஆனா கூப்பிட்டதுக்குப் பதில் சொல்லியிருக்காரு. சொன்னவர அங்கயே விட்டுட்டு நான் எப்படிப் போயி முன் பெஞ்சில ஒக்காருவேன்?”

டார்மன் தொப்பியைத் தலையில் வைத்தார். அடுத்த நாள் சவாரி இல்லை, ஷெல்டனுக்கு லீவு. “நாளைக்குப் போயிப் பாக்குறேன்” என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது.

விடிந்ததும் அவள் படகுத்துறைக்கு வந்தாள். பன்றித்தொடை இறைச்சி வைத்த ரொட்டிகளை மெழுகுத்தாளில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். “உனக்கு ரெண்டு. அவருக்கு ரெண்டு” என்றாள், வெட்கப்பட்ட குரலில். டார்மன் நான்கையும் வாங்கிக்கொண்டார்.

பக்கத்தில் கட்டியிருந்த லிட்டில் ரீபா படகின் கேப்டன் கார்லண்ட், ஆறு பேரை ஏற்றிக்கொண்டிருந்தான். இளைஞன், படகும் புதுசு. வாரம் முழுக்க அவனுக்கு மீனே விழவில்லை. “என்ன பாதிரிண்ணே, ஆளில்லாம எங்க கெளம்பிட்டீங்க?”

துறை முழுக்க டார்மனை அப்படித்தான் கூப்பிடும். மீன் கிடைத்த இடத்தைக் கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுகிற ஒரே கேப்டன் அவர். அந்தப் பெயரை வைத்ததே எல்வுட்தான். பெட்டி நிறையச் சூரையை வைத்துக்கொண்டு ‘ஒண்ணும் கடிக்கல’ என்று ரேடியோவில் அழுகிற ஆள்.

“பாத்துட்டு வரேன்” என்றார் டார்மன்.

“மீன் இருந்தா எனக்கும் ஒரு வார்த்த. இந்த ஆறு பேரும் என்னையே வெட்டி இரை போட்டுருவாங்க போல.”

நடுக்கடலில் ஓடும் வெப்ப நீரோட்டத்தின் விளிம்பு அன்று சுவர் எழுப்பினதுபோல இருந்தது. இந்தப் பக்கம் பச்சை, அந்தப் பக்கம் கருநீலம், நடுவே பழுப்புப் பாசி வேலிபோல நீண்டு கிடந்தது. அதைத் தாண்டியதும் காற்று நின்றுவிட்டது. பறவை இல்லை. படகு கிளப்பும் அலைக்குப் பயந்து பறக்கும் கோலா மீன் ஒன்றுகூட எழவில்லை. எண்ணெய் ஊற்றியதுபோல வழவழவென்று கடல் நாலாபக்கமும் பரந்து, வானம் எங்கே முடிகிறது என்று தெரியாமல் வெளுத்துக் கலந்திருக்க, தன் இன்ஜினின் சத்தம் வழக்கத்தைவிடச் சீக்கிரம் அடங்கிப் போவதுபோல டார்மனுக்குத் தோன்றியது. ஒலியைப் பஞ்சு போட்டு யாரோ துடைத்தெடுக்கிறார்கள். மனைவி ஐனஸ் போன பிறகு வீட்டில் பேச்சொலி அப்படித்தான் அடங்கிற்று. சொன்ன வார்த்தை சுவர்வரை போவதில்லை.

நண்பகலில் கூப்பிட்டார். இரைச்சல் வரவில்லை.

“வந்துட்டியா பாதிரி” என்றது ரேடியோ.

எல்வுட்டின் குரல். வார்த்தையின் வாலை இழுக்கிற அதே குரல். டார்மன் இருக்கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் நீர் வந்துவிட்டது.

“எல்வுட். எங்க இருக்க? படகு மெதக்குதா?”

“தண்ணி எழுபத்தெட்டு. நல்ல நீலம். காத்து இல்ல. மீன் நெறைய.”

“அது கெடக்கட்டும். நீ எங்க இருக்க?”

“அடுக்களையில.”

அடுக்களை என்பது ஆழத்தில் எழும்பி நிற்கும் ஒரு பாறை. எப்போது போனாலும் மீன் இருக்கும் என்பதால் எல்வுட் வைத்த பெயர். அது எங்கே இருக்கிறதென்று அவர்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அதைப் பற்றி மட்டும் யாரும் டார்மனிடம் கேட்டதில்லை, அப்படி ஒன்று இருப்பதே தெரியாததால். டார்மன் படகை அந்தப் பக்கம் திருப்பினார். இன்ஜின் கெட்டிருக்கும், நீரோட்டம் வடக்கே இழுத்துப் போயிருக்கும், மழைத்தண்ணீர் பிடித்துக் குடித்திருப்பார் என்று ஒவ்வொன்றாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எதுவும் பொருந்தவில்லை. ஆனாலும் நம்புவது பாவமில்லையே. கர்த்தாவே, பாவமில்லையே.

அடுக்களைக்கு வந்தபோது அங்கே படகு எதுவும் இல்லை. வழவழத்த நீர் மட்டும்.

“எல்வுட், நான் வந்துட்டேன். உன்னக் காணோம்.”

“தூண்டில் போட்டியா?”

“என்ன?”

“தூண்டில் போடாத படகு வெறும் பஸ்சு, பாதிரி.”

அது எல்வுட்டின் பழைய கேலி. டார்மனுக்குத் தன்னை மீறிச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இன்ஜினை ஓடவிட்டபடி கீழே இறங்கி, ஒரு தூண்டில் கழியை எடுத்து, இரையைத் தண்ணீரில் போட்டார். கை பழக்கத்தில் தானே செய்தது. மேலே ஏறி வந்து மைக்கை எடுத்தபோதுதான் ஒன்று உறைத்தது. படகிலிருந்து ஒருவன் பேசினால் பின்னாலேயே அவனுடைய இன்ஜின் கேட்கும், தண்ணீர் அடிக்கும், காற்று உரசும். எல்வுட்டின் குரலுக்குப் பின்னால் எதுவும் இல்லை. இல்லை, ஒன்று இருந்தது. மெல்லிய கிறுகிறுப்பு. தூண்டில் ரீலின் கைப்பிடியை யாரோ நிதானமாகச் சுற்றுகிற சத்தம்.

“ஓலீட்டா உனக்கு ரொட்டி குடுத்தனுப்பியிருக்கா” என்றார் டார்மன். 

கிறுகிறுப்பு நின்றது.

“யாரு?”

டார்மன் மைக்கை வாயிலிருந்து விலக்கினார். 

“யாரது, ஓலீட்டா?” என்று அந்தக் குரல் மறுபடியும் கேட்டது, மறந்துபோன ஒரு சாமானை விசாரிப்பதுபோல. கொஞ்சம் பொறுத்து, “அவளையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே” என்றது.

குளிர்பெட்டி மேலிருந்த ரேடியோ அவர் மனதில் வந்து நின்றது. அதன் கீழே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவளும்.

கீழே பின் தளத்தில் அவருடைய கழி வளைந்தது. பெரிய மீன் எடுத்தால் ரீல் அலறும், தூண்டில் நரம்பு அடிவானத்தை நோக்கிப் பாயும். இது அலறவில்லை. நரம்பு மரியாதையாக, கொஞ்சம் கொஞ்சமாக, செங்குத்தாகக் கீழே இறங்கியது; படகின் பின்பக்கமும் கூடவே தாழ்ந்தது. டார்மன் ஓடி இறங்கிக் கத்தியால் அறுத்தார். கழி நிமிர்ந்தது. படகு நிமிரவில்லை. பின்பக்கம் தாழ்ந்தே இருந்தது.

டக்.

மரத்தில் ஏதோ குத்துகிற சத்தம். பின்பலகையின் விளிம்பில் ஒரு கொக்கி பதிந்திருந்தது. பளபளவென்று, புத்தம் புதிதாக. அதிலிருந்து ஒரு நரம்பு விறைப்பாக நீருக்குள் இறங்கியது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் பக்கத்தில் இன்னொன்று நீரிலிருந்து எழும்பி வந்து பலகையைத் தடவி, இடம் பார்த்து, பதிந்தது. டக். அப்புறம் இன்னொன்று. அறுத்தார். அறுத்த இடத்திலேயே வேறொன்று வந்தது. மேலே ஓடி விசையை முழுக்கத் தள்ளினார். இன்ஜின் கதறியது, கரும்புகை தள்ளியது. படகு ஒரு முழம்கூட நகரவில்லை.

“ஒண்ணு மாட்டியிருக்கு” என்றது ரேடியோ. அவரிடம் அல்ல. கீழே வேறு யாரிடமோ.

அப்போது ரேடியோவில் இரைச்சல் திரும்பி வந்தது, சொந்தக்காரன் ஒருவன் கதவைத் திறந்துகொண்டு வருவதுபோல. கார்லண்டின் குரல். பின்னால் இன்ஜின், காற்று, ஆட்களின் சிரிப்பு.

“பாதிரிண்ணே, தோ வந்துட்டேன். உங்க படகு புள்ளியாத் தெரியுது.”

“எங்க வர்ற?”

“என்னண்ணே, நீங்கதான கூப்பிட்டீங்க? சூரை கொதிக்குது, ஒடனே வான்னு எடம் வரைக்கும் சொன்னீங்க. நல்லா இருப்பீங்க. நான் இவங்ககிட்ட மானம் போகாமத் தப்பிச்சேன்.”

டார்மன் யாரையும் கூப்பிடவில்லை. மேற்கே பார்த்தார். வெளுத்த வானத்தின் அடியில் ஒரு வெள்ளைப் புள்ளி. ஏழு உயிர். உதவி கேட்டால் வருவான். அந்தப் பையன் நிச்சயம் வருவான், கயிறு வீசுவான், பக்கத்தில் அணைப்பான். மைக்கை வாயருகே வைத்துக்கொண்டு டார்மன் ஒரு கணம் அதை நினைத்தார். ஒரு கணம்தான்.

“இங்க ஒண்ணுமில்ல தம்பி” என்றார். “தண்ணி செத்துப் போச்சு. ஒத்த மீன் இல்ல. திரும்பிப் போ.”

“இப்பத்தான சொன்னீங்க...”

“வயசாச்சு, எடத்த மாத்திச் சொல்லிட்டேன். தெக்க போ. பாசி வேலியோரமா நெருங்கி ஓட்டு, அங்க நிக்கும். நான் இன்ஜின் பாத்துட்டு வரேன். திரும்பு கார்லண்ட். என் பேச்சக் கேளு.”

வெறும் இரைச்சல். பின்பலகையில் டக். டக். டக்.

பிறகு ரேடியோவில் இரண்டு தட்டல். யார் தட்டியது என்று தெரியவில்லை. அந்தப் புள்ளியைப் பார்த்தபடி நின்றார். அது நின்றது. பக்கவாட்டில் திரும்பி அகலமாயிற்று. மெல்லத் தெற்கே சரிந்து, சிறுத்து, சிறுத்து, இல்லாமல் போயிற்று. டார்மன் மூச்சு விட்டார். வாழ்நாளில் மீன் விஷயத்தில் சொன்ன முதல் பொய். அதற்காகக் கர்த்தருக்கு நன்றி சொன்னார்.

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது.

“ஓலீட்டாக்கா. நான் டார்மன். கேட்டுட்டுதான இருப்பீங்க. அது எல்வுட் இல்ல. எவனோ வெளையாடுறான். எல்வுட் நிம்மதியாப் போயிட்டாரு. ரேடியோவ அணைச்சிட்டு வெளிய போங்க. ஞாயித்துக்கெழம முன் பெஞ்சில ஒக்காருங்க. இனி யாரு கூப்பிட்டாலும், என் கொரலாவே இருந்தாலும், தொறக்காதீங்க.”

அது பொய்யா, உண்மையா. அவருக்குத் தெரியாது.

இன்ஜின் அணைந்தது. யாரும் அணைக்கவில்லை.

அமைதி. அந்த அமைதிக்குள் அடியிலிருந்து வந்தது கிறுகிறுப்பு. இப்போது ரேடியோவில் இல்லை. மரத்தின் வழியாக. அவர் பாதங்களின் வழியாக.

பின் தளத்துக்கு இறங்கினார். தண்ணீர் கணுக்கால் அளவு. வெதுவெதுப்பாக. விளிம்பைப் பிடித்துக் குனிந்தார். கண்ணாடிபோலத் தெளிந்த நீலம். சூரியக் கதிர்கள் சாய்ந்து சாய்ந்து ஆழத்துக்குப் போயின.

அங்கே படகுகள் நின்றன.

ஒன்றல்ல. வரிசையாக. இறக்கைபோல இரண்டு பக்கமும் நீளக் கழிகளை விரித்துக்கொண்டு, வெள்ளை வெள்ளையாய், பார்வை எட்டும்வரை, இருட்டுக்குள் மங்கும்வரை. ஒவ்வொன்றின் பின் தளத்திலிருந்தும் நரம்புகள் மேலே எழும்பி வந்தன. எல்லாம் இங்கே. இந்தப் பலகைக்கு.

நடுவில் மிஸ் ஓலீட்டா. அதன் நாற்காலியில் எல்வுட் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், வளைந்த கழியை மடியில் ஊன்றிக்கொண்டு. அவரைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். ஈரமான முகங்கள். கைகளில் நீளக் கொக்கிகள். படகருகே வரும் மீனைக் குத்தித் தூக்கக் காத்திருக்கிறவர்களின் பொறுமையோடு, அத்தனை பேரும் தலையை நிமிர்த்தி மேலே பார்த்தார்கள்.

எல்வுட்டும் பார்த்தார். சிரித்தார்.

கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினார்.